மட்டக்களப்பில் இருந்துகொண்டு சிறிய எஸ்யூவி வாங்கும்போது கார் சேலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆரையம்பதியில் இருந்து அம்பாறைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருவதாகவும், டொயோட்டா ரைஸா ஹொண்டா வெசலா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும், இங்குள்ள கார் சேலிலேயே (வாகன விற்பனை நிலையத்திலேயே) எடுக்கலாமா, கொழும்புக்குப் போக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் களுவாஞ்சிகுடி. மனைவி வெல்லாவெளிப் பக்கம் படிப்பிக்கிறார். மாரி காலத்தில் பட்டிருப்புப் பாலம் தாண்டினால் எங்கள் பழைய காரின் அடி தட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உயரமான வாகனம் தேடினோம். தேடி முடிக்க நான்கு மாதம் ஆனது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் திறந்தது. ஆகவே சேலில் நிற்பவை பெரும்பாலும் இரண்டு வகை. தடைக்கு முன் வந்து இங்கேயே ஓடிய பழையவை, அல்லது ஜப்பானில் ஓடிவிட்டு அண்மையில் வந்தவை. பழையதென்றால் இங்கே எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டும், புதிதாக வந்ததென்றால் ஜப்பானில் எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டும்.

நாங்கள் முதலில் விரும்பியது வெள்ளை நிற ரைஸ் ஒன்று. மீற்றரில் 19,000 கிலோமீற்றர். உள்ளே புது வாசம். சேலில் இருந்த தம்பி மிகவும் மரியாதையாகப் பேசினார். "அண்ணன், பின்னேரம் கல்முனையில இருந்து ஒரு ஆள் அட்வான்ஸோட வாறார்" என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. மனைவிதான், ஒரு இரவு போகட்டும் என்று தடுத்தார். அன்றிரவு சேசி இலக்கத்தை (வாகனத்தின் உடலில் பொறித்த அடையாள எண்) இணையத்தில் கொடுத்து, சிறு தொகை கட்டி, ஜப்பான் ஒக்ஷன் ஷீட்டை, அதாவது அங்கே ஏலத்தில் விற்கும்போது வாகனத்தின் நிலையைக் குறித்த தாளை, நாங்களே எடுத்தோம். அதில் 61,000 கிலோமீற்றர். தரம் R, அதாவது விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. மறுநாள் கேட்டபோது அது வேறு வாகனத்தின் ஷீட் என்றார்கள். சேசி இலக்கம் ஒன்றேதான். எழுந்து வந்துவிட்டோம்.

அதனால் சேல்காரர் போனில் காட்டும் ஷீட்டை நம்பாதீர்கள். அதைத் திருத்துவது பெரிய வேலையே இல்லை. நீங்களே எடுங்கள். தரம் 4, 4.5 என்றிருந்தால் நல்லது. ஷீட்டில் உள்ள கார்ப் படத்தில் A என்றால் கீறல், U என்றால் நெளிவு, W என்றால் தட்டித் திருத்திய இடம், XX என்றால் மாற்றிய பாகம். பம்பருக்குப் பக்கத்தில் ஓர் A1 (சின்னக் கீறல்) இருப்பதற்காக நல்ல வாகனத்தை விட வேண்டாம்.

இங்கே ஓடிய வாகனம் என்றால் எனக்குப் பெரிய பயம் வெள்ளம்தான். நம் மாவட்டங்களில் கார்த்திகை, மார்கழியில் எத்தனை வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் கதை முடிந்தது. ஸ்பெயார் வீல் குழியில் கை விட்டுத் தடவுங்கள், சீட் தண்டவாள ஆணிகளில் துரு தெரிகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் பற்றரி டிக்கித் தரைக்குக் கீழே, ரைஸ் ஹைபிரிட்டில் பின் சீட்டுக்குக் கீழே. தண்ணீர் உள்ளே வந்திருந்தால் செலவு அங்கேதான் தொடங்கும். கடற்கரைப் பக்கம் நின்ற வாகனத்தின் அடியை உப்புக் காற்றும் தின்றிருக்கும். சேர்விஸ் ஸ்டேஷனில் ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்க்க விடாத சேலில் வாங்கவே வேண்டாம்.

சரி, எது? பழைய வெசல் ஹைபிரிட்டின் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிக் கோளாறுக்காக 2014இல் ஜப்பானிலேயே ஹொண்டா வாகனங்களைத் திருப்பி அழைத்தது. தடைக்கு முன் வந்த வெசலின் பற்றரிக்கும் வயதாகிவிட்டது. நன்றாகப் பராமரித்தது கிடைத்தால் இடவசதியும் ஓட்டமும் அருமை, மறுக்க மாட்டேன். ரைஸ் 4 மீற்றருக்கும் குறைவான நீளம், அடிப்பகுதி தரையில் இருந்து 185 மில்லிமீற்றர் உயரம். அகலம் குறைவு, பின்னால் மூன்று பெரியவர்கள் நெருக்கியடித்துத்தான் இருக்க வேண்டும். 996 சிசி டர்போவும் உண்டு, 1,200 சிசி ஹைபிரிட்டும் உண்டு. இங்கே வரி என்ஜின் அளவோடு ஏறுவதால் 1,000க்குக் கீழே இருப்பது விலைக்கு உதவுகிறது. ரைஸைத் தயாரிப்பது டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்சு. ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததை 2023 மே மாதம் அவர்களே வெளியிட்டார்கள். பிள்ளைகளை ஏற்றப்போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். நாங்கள் டர்போ எடுத்தோம். உங்கள் அம்பாறை ஓட்டத்துக்கும் அதையே சொல்வேன்.

ஓட்டிப் பார்க்கும்போது காபட் வீதியில் ஐந்து நிமிடம் போய் வந்தால் ஒன்றும் தெரியாது. பள்ளி விடும் நேரத்தில் கல்லடிப் பாலத்துப் பக்கம் ஊர்ந்து பாருங்கள், பிறகு வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் விடுங்கள். அரை மணி நேரம் சூடான பிறகுதான் கியர் குலுங்குவது தெரியவரும். உங்கள் கராஜ் அண்ணனையும் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் தெரிவு அதிகம். ஆனால் பிரச்சினை வந்தால் 300 கிலோமீற்றர் போக வேண்டும். நாங்கள் அங்கே பார்த்து விலையைத் தெரிந்துகொண்டு, மட்டக்களப்பில் எடுத்தோம். லீசிங்கை சேல் மேசையில் பேசாதீர்கள். முன்பே இரண்டு வங்கியில் கேட்டு, மாதக் கட்டணத்தை அல்ல, கடைசியில் மொத்தமாக எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதை ஒப்பிடுங்கள். பதிவு செய்த வாகனமென்றால் பதிவுப் புத்தகத்தில் பழைய லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் ரசீதில் சேசி இலக்கமும், லீசிங் கிடைக்காவிட்டால் காசு திரும்பும் என்ற வரியும் இருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் காசைக் கொடுக்காமல் வீட்டுக்கு வாருங்கள்.