ஏடும் அலமாரியும் ஒத்துப்போகிறதா?

கேள்வி: டெக்சாஸில் மச்சானும் நானும் சேர்ந்து இரண்டு வருடமாகத் துப்பாக்கிக் கடை நடத்துகிறோம். விற்பனையோடு ரிப்பேரும் உண்டு, கன்சைன்மென்ட்டும் (சொந்தக்காரருக்காக விற்றுத் தர) எடுக்கிறோம். துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப். இதுவரை ஆய்வுக்கு வரவில்லை. பக்கத்து ஊர்க் கடைக்கு வந்துபோனதாகக் கேள்விப்பட்டோம். துப்பாக்கி வாங்குபவரும் நாங்களும் நிரப்பும் பழைய 4473 படிவங்களில் சின்னச் சின்ன விடுபடல்கள் தெரிகின்றன. அவர்கள் வருவதற்குள் அவற்றைச் சரிசெய்துவிடலாமா? வேறு என்ன தயாரிப்பு வேண்டும்?

பதில்: முதல் வேலையாகப் பேனாவை மூடி வையுங்கள். படிவங்களைத் திருத்த வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வழி அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். அதை அப்புறம் பார்ப்போம்.

வரப்போகிறவர் துப்பாக்கியும் கைவிலங்குமாக வரும் ஏஜென்ட் அல்ல. தொழில் ஆய்வாளர், அவரிடம் ஆயுதம் கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. 1986-ஆம் வருடச் சட்டத்தின்படி வழக்கமான ஆய்வுக்கு 12 மாதத்தில் ஒரு முறை, கடை திறந்திருக்கும் நேரத்தில், வாரண்ட் இல்லாமல் வரலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. குற்ற வழக்கில் ஒரு துப்பாக்கியின் தடம் தேடி வந்தால் இந்த 12 மாதக் கணக்கு பொருந்தாது.

அவர் தேடுவதைச் சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பவுண்ட் புக்கும் (துப்பாக்கிகள் வந்ததும் போனதும் எழுதும் ஏடு) உங்கள் அலமாரியும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான். ஏட்டில் 'உள்ளே வந்தது, வெளியே போகவில்லை' என்று நிற்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் கடையில் இருக்க வேண்டும். கடையில் இருக்கும் ஒவ்வொன்றும் ஏட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்று மத்திய அரசு ஒரே பட்டியல் வைத்துக்கொள்ள அதே 1986 சட்டம் இடம் தரவில்லை. அதனால் குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் ஏ.டி.எஃப். தேடல் மையம் தயாரிப்பாளரைக் கேட்டு, மொத்த வியாபாரியைக் கேட்டு, கடைசியில் உங்களுக்குப் போன் போடும். 24 மணி நேரத்துக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி உங்கள் ஏடு. அதில் ஒரு வரி விடுபட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். ஆய்வாளர் ஏட்டில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஸ்டாக் எண்ணுங்கள். ஒருவர் துப்பாக்கியைக் கையில் எடுத்து அதன் மேலுள்ள சீரியல் எண்ணை உரக்கப் படிக்கட்டும். தொங்கும் டேக்கிலிருந்து வேண்டாம், பெட்டியிலிருந்தும் வேண்டாம். மற்றவர் ஏட்டில் பார்க்கட்டும். அது முடிந்ததும் தலைகீழாக: ஏட்டில் திறந்து நிற்கும் ஒவ்வொரு வரிக்கும் துப்பாக்கியைத் தேடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எண்ணினால் பாதிப் பிழைகள் தப்பிவிடும். நான் அதிகம் பார்த்த பிழைகள் ரொம்பச் சாதாரணமானவை: பூஜ்யத்தை ஆங்கில எழுத்தாக எழுதியது, ஃபிரேமில் (துப்பாக்கியின் உடல் பாகத்தில்) உள்ள எண்ணுக்குப் பதில் ஸ்லைடில் (மேலே நகரும் பாகத்தில்) உள்ளதை எடுத்தது, இறக்குமதித் துப்பாக்கிக்கு இறக்குமதியாளர் பெயரை விட்டது. ஏட்டில் தவறு கண்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். வெள்ளை மையைக் கடையிலேயே வைத்திருக்காதீர்கள்.

ஒரு துப்பாக்கி கிடைக்கவே இல்லை என்றால்? விற்பனைப் படிவங்களையும் ரிப்பேர் மேசையையும் பாருங்கள். அங்கும் இல்லையென்றால், காணவில்லை என்று தெரிந்த நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும். 'இன்னும் ரெண்டு வாரம் தேடுவோம்' என்று மச்சான் சொல்வார். கேட்காதீர்கள்.

எண்ணி முடித்த பிறகும் ஏடு ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் அன்றாடப் பழக்கம்தான் வழி. வந்த சரக்கை அடுத்த வேலைநாள் முடிவதற்குள்ளும், போனதை 7 நாளுக்குள்ளும் பதிய வேண்டும். ரிப்பேருக்கு வந்தது இரவு தங்கினால் அதுவும் ஏட்டில் ஏறும். ரிப்பேர் முடித்து அதே ஆளிடம் திருப்பிக் கொடுக்க 4473 தேவையில்லை. கன்சைன்மென்ட் அப்படியல்ல, விற்காமல் சொந்தக்காரரிடமே திரும்பினாலும் 4473 உண்டு, பின்புலச் சோதனையும் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத புதுக் கடையை நான் பார்த்ததில்லை.

சரி, படிவங்களுக்கு வருவோம். துப்பாக்கி கைமாறிய பிறகு பிழை தெரிந்தால் மூலப் படிவத்தில் கை வைக்கக் கூடாது. நகல் எடுத்து, நகலில் திருத்தி, சுருக்கொப்பமும் இன்றைய தேதியும் போட்டு, மூலத்தோடு இணைத்து வையுங்கள். அதுவும் நீங்கள் நிரப்ப வேண்டிய பகுதிகளில் மட்டும். வாங்கியவர் நிரப்பும் பகுதியில் அவர் கவுண்டி பெயரை விட்டிருந்தால், அவரையே கூப்பிட்டு நகலில் எழுதச் சொல்ல வேண்டும். அவர் வரவில்லையென்றால், எந்தத் தேதியில் கூப்பிட்டோம் என்று குறித்துவைத்து விடுபடலை அப்படியே விட்டுவிடுங்கள். விடுபட்ட கட்டம் ஒரு பிழை. வாங்கியவர் கையெழுத்து மாதிரி நீங்கள் நிரப்பிய கட்டம் பொய்ப் பதிவு. முன்னதற்கு எச்சரிக்கையோடு போகலாம், பின்னதற்கு வழக்கே வரும்.

2022-க்கு முன் 20 வருடம் தாண்டிய படிவங்களை அழிக்க முடிந்தது. அந்த ஆண்டு வந்த விதி கடை மூடும்வரை வைத்திருக்கச் சொல்கிறது. சோதனையில் மறுக்கப்பட்டு விற்பனை நடக்காத படிவங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். ஐந்து வேலைநாளுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டு கைத்துப்பாக்கி விற்றால் அதை ஏ.டி.எஃப்.புக்குத் தெரிவிக்கும் 3310.4 படிவம் அன்றே போக வேண்டும். முதல் துப்பாக்கி திங்கள், இரண்டாவது வெள்ளி என்று வரும்போதுதான் இது மறந்துபோகும்.

நம்மவர் கடை என்பதால் இன்னொன்று. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. வாடிக்கையாளர் விஷயத்தில் இதைக் கவனிக்கும் கடைக்காரர்கள், சனிக்கிழமை கூட்டத்தில் கவுண்டருக்குப் பின்னால் வந்து உதவும் தம்பி முறைக்காரரின் விசாவை மறந்துவிடுகிறார்கள். அவரை பில் போட உட்கார வைப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

ஆய்வு நாளன்று அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, உட்கார ஒரு மேசை கொடுங்கள். கேட்டதைக் கொடுங்கள், தெரியாததற்கு 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். நீங்களே கண்டுபிடித்துத் திருத்திய பிழைகளை ஒளிக்க வேண்டாம். உரிமத்தைப் பறிக்கச் சட்டம் கேட்பது, தெரிந்தே மீறினீர்களா என்பதை. இங்கேதான் ஒரு நுணுக்கம்: ஆய்வாளர் விதிகளை ஒவ்வொன்றாக விளக்கி, 'விளக்கம் கேட்டேன்' என்று உங்களிடம் கையெழுத்து வாங்குவார். அடுத்த முறை அதே பிழை வந்தால் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. அந்தக் காகிதமே சாட்சி. 2021-ல் வந்த கடுமையான 'ஜீரோ டாலரன்ஸ்' கொள்கை 2025 ஏப்ரலில் விலக்கப்பட்டது உண்மைதான், ஆனால் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. உரிம ரத்து நோட்டீஸ் வந்தால் விசாரணை கேட்க 15 நாள்தான். அந்தத் தபால் மச்சான் மேசையில் கிடந்துவிடாமல், கடைக்கு வரும் கடிதங்களை யார் பிரிப்பது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.