பாப் ஸ்மியரில் அழற்சி: கருப்பையை எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. காப்பர் டி போட்டிருக்கிறேன். கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் ‘இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர், நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி’ என்று வந்துள்ளது. தொந்தரவு எதுவும் இல்லை. இது புற்றுநோயின் ஆரம்பம் என்றும், கருப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறார். நான் என்ன செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அறிக்கையின் பிற்பாதிதான் முக்கியம்: புற்றுநோய்க்கான அறிகுறி அதில் இல்லை. கருப்பை வாயின் செல்கள் ஏதோ ஓர் உறுத்தலுக்கு எதிர்வினை காட்டியிருக்கின்றன என்பதே முற்பாதியின் பொருள். காப்பர் டி, கிருமித்தொற்று, மாதவிடாய் நின்றபின் ஏற்படும் வறட்சி என்று இதற்குக் காரணங்கள் பல. தங்கள் விஷயத்தில் காப்பர் டி-யே காரணமாக இருக்கலாம். அதற்காக அதை அகற்ற வேண்டியதில்லை.

பாப் ஸ்மியர் முடிவுகளை வகைப்படுத்துவதற்காக 1988-இல் வகுக்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட பெதெஸ்டா முறையில், இத்தகைய மாற்றங்கள் ‘நெகட்டிவ்’ முடிவுகளோடுதான் சேர்க்கப்படுகின்றன. பழைய முறைப்படி எழுதும் ஆய்வகங்கள் இதையே ‘கிளாஸ் 2’ என்று குறிப்பதும், அதைப் புற்றுநோயின் இரண்டாம் நிலை என்று எண்ணிக் குடும்பமே கலங்கிப்போவதும் உண்டு.

அறிகுறி இல்லாதபோது, ‘அழற்சி’ என்ற ஒரு சொல்லுக்காக ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்குவதில் பயனில்லை. அறிக்கையில் டிரைக்கோமோனாஸ் என்ற கிருமியின் பெயர் இருந்தால் மட்டும் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவைப்படும். கருப்பையை அகற்றுவதற்கோ இந்த அறிக்கையில் எந்த நியாயமும் இல்லை. உறவினர் அல்ல, மருத்துவரே அப்படிச் சொன்னாலும் வேறொரு மகப்பேறு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

அழற்சிச் செல்கள் மிகுந்து மற்றவற்றை மறைத்துவிட்டதால் ‘மாதிரி போதுமானதாக இல்லை’ என்று எழுதியிருந்தால், சில மாதங்களில் மறுபடி எடுக்க வேண்டும். இல்லையெனில் அடுத்த பாப் ஸ்மியர் 3 ஆண்டுகள் கழித்துப் போதும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் ஹெச்பிவி வைரஸை நேரடியாகத் தேடும் டிஎன்ஏ பரிசோதனை கிடைக்குமானால், நான் அதையே விரும்புவேன். 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது.

ஆனால் உறவுக்குப் பின்னரோ மாதவிடாய்களுக்கு இடையிலோ இரத்தம் கசிந்தாலும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலும், கையில் ‘நெகட்டிவ்’ அறிக்கை இருக்கிறதே என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.