விலைக்கும் வட்டிக்கும் ஒரே சொல்லா?

கேள்வி: அநியாய விலை, அநியாய வட்டி இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடியபோது 'யூஷூரியஸ்' கிடைத்தது. அகராதி 'கந்துவட்டி சார்ந்த' என்கிறது. விலைக்கும் இதையே எழுதலாமா? 'பிரிடேட்டரி பிரைசிங்' என்றால் கொள்ளை விலைதானே?

பதில்: விலைக்கு வேண்டாம். பிரிடேட்டரி பிரைசிங்கும் நீங்கள் நினைப்பது அல்ல. கிட்டத்தட்ட அதற்கு எதிரானது.

முதலில் உச்சரிப்பு. பெயர்ச்சொல் 'யூஷரி', அழுத்தம் முதல் அசையில். நடுவில் வரும் ஒலி 'மெஷர்', 'பிளெஷர்' சொற்களில் வருவதுதான். உரிச்சொல்லாகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும்: யூஷூரியஸ். கொடுப்பவர் 'யூஷரர்'. அரியணையைப் பறிப்பதைச் சொல்லும் 'யூசர்ப்' வேறு சொல். அவசரத்தில் எழுதுகிறவர்கள் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

லத்தீனில் 'உசூரா' என்றால் பயன்பாடு. பணத்தைப் பயன்படுத்தியதற்குத் தரும் கூலி. அதில் அநியாயம் என்ற பொருளே கிடையாது. ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபை எந்த வட்டியையும் பாவம் என்றதால், ஒரு விழுக்காடு வாங்கினாலும் அது யூஷரிதான். இங்கிலாந்தில் 1545-இல் எட்டாம் ஹென்றி காலச் சட்டம் 10 விழுக்காடு வரை விட்டுக்கொடுத்தது. 1552-இல் அதை நீக்கி வட்டியையே தடுத்தார்கள். 1571-இல் அந்தத் தடையும் போய், 10 விழுக்காடு மீண்டும் எல்லையானது. பிறகு 1624-இல் 8, 1714-இல் 5 என்று இறங்கி, 1854-இல் உச்சவரம்பே எடுபட்டது. 'வட்டி' என்றிருந்த சொல் 'வரம்பு மீறிய வட்டி' என்று மாறிய வழி இது. ஆகவே பழைய சமய நூலை மொழிபெயர்க்கும்போது யூஷரி வரும் இடமெல்லாம் 'கந்துவட்டி' என்று போட்டால் பிழை. அங்கே 'வட்டி வாங்குதல்' என்பதே சரி. இன்றைய செய்தியில் கந்துவட்டி பொருந்தும்.

எந்த வட்டியை இப்படி அழைக்கலாம் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 என்று எழுதிக்கொண்டு, 10-ஐ முன்கூட்டியே பிடித்து, 90-ஐக் கையில் கொடுக்கிறார்கள். வாரம் 10 வீதம் 10 வாரத்தில் அடைக்க வேண்டும். பார்வைக்கு 'பத்து விழுக்காடு'. ஆனால் வந்தது 90. அதுவும் வாராவாரம் குறைந்துகொண்டே போகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 1.96 விழுக்காடு, 52-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 102. கடன் வாங்குபவரிடம் இந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. அதுதான் கொடுமை. இதை 'யூஷூரியஸ் ரேட்' என்று தயங்காமல் எழுதலாம். 'யூஷரி ரேட்' என்று பெயர்ச்சொல்லை ஒட்டாதீர்கள். சட்டம் அனுமதிக்கும் உச்ச விகிதம் என்று புரிந்துகொள்ள இடமுண்டு.

நீங்கள் தேடிய சொல் 'எக்ஸ்டார்ஷனேட்'. விலை, வாடகை, கட்டணம், வட்டி நான்குக்கும் இயல்பாகப் பொருந்தும். முறுக்கிப் பிடுங்குதல் என்பது இதன் லத்தீன் வேர்ப்பொருள்; 'டார்ச்சர்' வந்ததும் அதே வேரிலிருந்துதான். ஓர் எச்சரிக்கை: பெயர்ச்சொல்லாக 'எக்ஸ்டார்ஷன்' என்று எழுதினால் மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றத்தைச் சுமத்தியதாகிவிடும். புகார்க் கடிதத்தில் உரிச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளம், தொற்று போன்ற நெருக்கடியில் தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி விலையேற்றுவது 'பிரைஸ் கவ்ஜிங்'. கவ்ஜ் என்பது குடைந்தெடுக்கும், வளைந்த வாயுள்ள உளி. வட்டிக்கு இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இனி பிரிடேட்டரி. இரை தேடுவது என்பதே பொருள் என்றாலும் இரை யார் என்பது மாறுகிறது. 'பிரிடேட்டரி லெண்டிங்'கில் இரை கடன் வாங்குபவர்: திருப்ப முடியாதவருக்குத் தெரிந்தே கொடுப்பது, கட்டணங்களை மறைப்பது, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் திணிப்பது. 'பிரிடேட்டரி பிரைசிங்'கில் இரை போட்டி வியாபாரி. அவரை ஒழிக்க அடக்க விலைக்கும் கீழே விற்பார்கள். அவர் கடையை மூடிய பிறகுதான் விலையை ஏற்றுவார்கள். கொள்ளை விலையைக் கண்டித்து எழுதும் கடிதத்தில் இந்தச் சொல்லைப் போட்டால், மலிவாக விற்கிறார்கள் என்று நீங்கள் புகார் செய்வதாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.