வராதது மொழியா, கேட்கும் பழக்கமா?

கேள்வி: நான் 29 வயது செவிலியர். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக, இரவுப் பணிக்கு நடுவே இரண்டு ஆண்டுகளாக ஜெர்மன் படிக்கிறேன். பி2 என்ற மேல் இடைநிலைத் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் தேறிவிட்டேன். கேட்டல் பகுதியில் நூற்றுக்கு முதல் முறை 40, இரண்டாம் முறை 53. பேச்சிலும் தேறவில்லை. "சிலருக்கு வெளிநாட்டு மொழி வரவே வராது. முதலிலிருந்து வகுப்புக்குப் பணம் கட்டு, இல்லாவிட்டால் விட்டுவிடு" என்கிறார்கள் பயிற்சி மையத்தில். பள்ளியிலும் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். பெங்களூரில் வேலை பார்த்தபோது கன்னடம் பேசப் பழகினேன். அதெல்லாம் கணக்கில் வராது. எனக்கு மொழி கற்கும் திறனே இல்லையா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என் கண் அந்த இரண்டு எண்களில்தான் நின்றது. 40, பிறகு 53. தேற 60 வேண்டும். மொழியே வராதவருக்கு 13 மதிப்பெண் எப்படிக் கூடும்? உங்களிடம் "வராது" என்றவர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கோபமே வருகிறது.

மொழித்திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது உண்மை. அதை அளக்க ஜான் கேரல், ஸ்டான்லி சப்போன் என்ற இருவர் அமெரிக்காவில் 1959இல் ஒரு தேர்வே வகுத்தார்கள். ஒலியைப் பிடித்து நினைவில் வைப்பது, வாக்கியத்தின் அமைப்பை உணர்வது, சொற்களை மனத்தில் பதிப்பது என்று திறனைப் பல கூறாகப் பார்த்தார் கேரல். ஒருவரிடமே ஒன்று தூக்கலாகவும் மற்றொன்று மந்தமாகவும் இருக்கும். ஆனால் குறைந்த திறன் என்பதற்கு அவர் கொண்ட பொருள், கற்க அதிகக் காலம் பிடிக்கும் என்பதுதான். கற்கவே முடியாது என்பதல்ல. வாசிப்பிலும் எழுத்திலும் தேறிய உங்களிடம் இலக்கணமும் சொல்வளமும் இருக்கின்றன. பின்தங்கியிருப்பது காதும் பேச்சும் மட்டுமே. (எதற்கும் ஒருமுறை செவித்திறனைச் சோதித்துவிடுங்கள், செவிலியருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.)

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜெர்மன் கற்பிக்க ஏறக்குறைய 36 வாரம் ஒதுக்குகிறது. தமிழுக்கு 44 வாரம். வேறு வேலை இல்லாமல், சம்பளத்தோடு, நாள் முழுவதும் உட்கார்ந்து படிப்பவர்களுக்கே இந்தக் கணக்கு. அவர்கள் பேசும் ஆங்கிலமோ ஜெர்மனுக்கு நெருங்கிய உறவு. நீங்கள் இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து படிக்கிறீர்கள்.

இன்னொன்று கேட்க ஆசை. ஜெர்மனை உங்களுக்கு ஆங்கிலம் வழியாகத்தானே கற்பித்தார்கள்? தடுமாறிய மொழியின் முதுகில் ஏறி இன்னொரு மொழிக்குப் போவது இரட்டைச் சுமை. தமிழிலிருந்து நேராகவே போகப் பாருங்கள். "மியர் இஸ்ட் கால்ட்" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றினால் கோணலாக வரும். தமிழில் "எனக்குக் குளிர்கிறது". அந்த "மியர்" நம் "எனக்கு"தான், அதே நான்காம் வேற்றுமை. "டஸ் ஏர் மோர்கன் நாஹ் பெர்லின் ஃபேர்ட்" என்றால் "அவர் நாளை பெர்லினுக்குப் போகிறார் என்று". வினைச்சொல் கடைசிக்கு ஓடுகிறதே என்று ஆங்கிலேயர் தலையைப் பிடித்துக்கொள்ளும் இடம் இது. நமக்கோ பிறந்த வீடு. "என்று" மட்டும் அங்கே முன்னால் வந்து நிற்கிறது.

காதுக்கு வருவோம். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர, ல ஒலிகள் ஒன்றுபோலவே கேட்கும். 1990களின் தொடக்கத்தில் அவர்களுக்கு மூன்று வாரம் பயிற்சி தந்து பார்த்தார்கள். இரண்டு ஒலிகளும் வரும் சொற்களைப் பலருடைய குரல்களில் கேட்கவைத்து, சொன்ன விடை சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிவித்தார்கள். வளர்ந்தவர்களின் காதும் பழகியது. இதில் முக்கியமானது பல குரல்கள் என்பது. ஓர் ஆசிரியரின் குரலை மட்டும் ஆண்டுக்கணக்கில் கேட்டவர், தேர்வில் புதுக்குரல் வந்ததும் திகைத்துப்போவார்.

ஆகவே தினமும் இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்று போதும். எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், பிறகு அச்சோடு ஒப்பிட்டு, தவறிய இடத்தை மட்டும் பத்து முறை கேளுங்கள். டாய்ச்ச வெல்ல (Deutsche Welle) என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசிக்கும் செய்திகளை எழுத்து வடிவத்தோடு தருகிறது. அதில் தொடங்கி, சில வாரங்களில் இயல்பான வேகத்துக்கு மாறிவிடுங்கள். "ஏற்கெனவே" (schon) என்பதற்கும் "அழகான" (schön) என்பதற்கும் ஜெர்மனில் ஓர் உயிரொலிதான் வேறுபாடு. உதட்டை "ஓ"வுக்குக் குவித்தபடி "ஏ" சொல்லிப் பாருங்கள், "அழகான" என்ற சொல்லின் உயிரொலி கிடைத்துவிடும். வாய் கற்றுக்கொண்ட ஒலியைக் காது எளிதில் விடாது. ஜெர்மானியருக்கு நம் வலியும் வழியும் இப்படித்தான் குழப்பும்.

கன்னடம் ஏன் கணக்கில் வராது? தமிழின் உறவு மொழி என்பதால் எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடப்புத்தகம் இல்லாமல், நோயாளிகளின் வாயிலிருந்தே அதைப் பிடித்திருக்கிறீர்கள். அந்தக் காது எங்கும் போய்விடவில்லை. ஜெர்மன் வகுப்பில்தான் அதற்கு வேலை கொடுக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு செய்தி. கத்தே நிறுவனத்தின் (Goethe-Institut) பி2 தேர்வில் நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம். நீங்கள் எழுதியது அதுவானால், கேட்டலுக்கும் பேச்சுக்கும் மட்டும் விண்ணப்பியுங்கள். முதலிலிருந்து முழு வகுப்புக்குக் கட்ட வேண்டியதில்லை.

இன்று பணிக்குப் போகுமுன் எண்களில் தொடங்குங்கள். ஜெர்மனில் எண்பத்தேழை "ஏழும் எண்பதும்" என்று சொல்வார்கள். "ஏழு" என்று கேட்டதும் கை 7 எழுதப் போகும். எழுதவிடாதீர்கள். "எண்பது" வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டிருங்கள்.