தெரிந்த கடை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் கல்யாணத்துக்கான சாமான்களை ஐப்பசியிலேயே காரைக்குடியில் வாங்கி வைத்துவிட்டோம். அதில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர், விலை ரூ.7,400. உறவினர் பார்க்கச் சீர்ச் சாமான்களைப் பரப்பி வைத்தபோதுகூடப் பெட்டியைப் பிரிக்கவில்லை. தை மாதம் கல்யாணம் முடிந்து, மகள் அதைச் சென்னைக்குக் கொண்டுபோய் முதல் தடவை மாவு ஆட்டியபோது பத்து நிமிடத்தில் கருகல் வாசனை வந்து நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை பார்த்துக் கொடுத்தும் மறுபடி அதே நிலைதான். கடையில் கேட்டால், "ஏழு நாளுக்குள் வந்திருந்தால் மாற்றித் தந்திருப்போம், இனி கம்பெனிதான் பொறுப்பு" என்கிறார்கள். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டும் இருக்கிறது. வீட்டில், "அப்பச்சி காலத்திலிருந்து வாங்குகிற கடை, பேசாமல் விடு" என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: விட வேண்டாம், ஆச்சி. உங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது.

முதலில் அந்த ஏழு நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் காரைக்குடியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பதினெட்டு வருடம் கணக்கு எழுதியவள். பழுது என்று திரும்பி வரும் பொருளை விநியோகஸ்தருக்கு அனுப்பி, அந்தத் தொகையைக் கடையின் கணக்கில் வரவு வைத்ததாகக் கிரெடிட் நோட் வாங்குவோம். இத்தனை நாளுக்குள் அனுப்பினால்தான் வரவு வைப்போம் என்று சில கம்பெனிகள் சொல்லும். அந்த நாள் தாண்டிவிட்டால் நஷ்டம் கடையின் தலையில் விழும். கல்லாவில் இருப்பவர் உங்களிடம் ஏழு நாள், பத்து நாள் என்று அடித்துச் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அது கடைக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற ஏற்பாடு. அதற்குள் நீங்கள் வரவே இல்லை. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு, பில் போட்டதும் கடை.

பில்லில் அச்சிட்ட அந்த வரிக்கும் பயப்பட வேண்டாம். நிறம் பிடிக்கவில்லை, வேறு மாடல் வேண்டும் என்று நல்ல பொருளைத் திருப்பிக் கொண்டுபோனால், மாற்றித் தருவதும் தராததும் கடைக்காரர் இஷ்டம். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தன் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறைகள் எவை என்று வரிசையாகச் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதில் உண்டு. பில் தராமல் இருப்பதும் அதே வரிசையில்தான் வருகிறது.

'நாங்கள் வாங்கி மூன்று மாதம் ஆகிவிட்டதே' என்று நினைப்பீர்கள். 30 நாள் கடந்தால் எல்லாக் கதவும் அடைந்துவிடாது. பொருளில் குறை இருக்கிறது என்ற புகாரை, அதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுக்கலாம். உங்களுக்கு நாள் நிறைய இருக்கிறது.

நம் பக்கத்தில் சாமான்களை மாதக்கணக்கில் முன்கூட்டியே வாங்கிப் பெட்டியோடு அடுக்கி வைப்பது வழக்கம். அதனால் பழுது தெரியவே நாளாகிறது, உத்தரவாதக் காலமோ பில் போட்ட தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிடுகிறது. இனிமேல் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் மின்சாரத்தில் ஓடும் பொருளையெல்லாம் வாங்கிய வாரத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியில் வையுங்கள். பெட்டி பிரித்த சாமானைப் பரப்புவதா என்று கூச்சப்பட வேண்டாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கிரைண்டரை வெளி மெக்கானிக் யாரிடமும் கொடுத்துப் பிரிக்காதீர்கள். குறை கண்ணால் பார்த்துத் தெரியக்கூடியது இல்லை என்றால், ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். இடையில் வேறு கை பட்டிருந்தால் பழி உங்கள் மேல் திரும்பும். சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை கொடுத்தபோது தந்த ஜாப் ஷீட், அதாவது பார்த்த வேலையைக் குறித்த தாள், இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். இல்லையென்றால், என்ன பழுது, என்ன மாற்றினார்கள், எந்தத் தேதி என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். கிரைண்டர் ஓட ஆரம்பித்து நிற்பதை மகள் போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும்.

அப்புறம் ஒரு கடிதம். கடைக்கு ஒன்று, உற்பத்தி செய்த கம்பெனிக்கு ஒன்று. பில் எண், தேதி, விலை, எப்போது பழுதானது, கடையில் யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள், என்ன பதில் சொன்னார்கள், எல்லாவற்றையும் சாதாரணத் தமிழில் எழுதுங்கள். வேறு புதியது தர வேண்டும், அல்லது ரூ.7,400-ஐத் திருப்பித் தர வேண்டும், 15 நாளுக்குள் செய்யாவிட்டால் ஆணையத்துக்குப் போவேன் என்று முடியுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பில்லோடு சேர்த்து வையுங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் நாளாக ஆக வெளுத்துவிடும், அதனால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கடிதத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வேலையை விட்டு வந்த பிறகு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கடையில் மிக்ஸி வாங்கினேன். ஜாரின் அடியில் ஒழுகி மோட்டார் வரைக்கும் ஈரம் இறங்கியது. முதலாளி பழக்கமானவர், முகத்தை முறித்துக்கொள்ள மனம் வரவில்லை. நான்கு முறை நேரில் போய்ச் சொன்னேன், நான்கு முறையும் "பார்த்துவிடலாம் அக்கா" என்றார். ஒருவழியாக மனம் துணிந்தபோது இரண்டு வருடம் ஓடிவிட்டது, நான் புகார் சொன்னதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் இல்லை. ஊரெல்லாம் பில் எழுதிக் கொடுத்த எனக்கே அப்படி ஆனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தெரிந்த கடை என்றால் கடிதத்தில் மரியாதையாக எழுதுங்கள், எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

கடிதம் அனுப்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், கம்பெனியிடம் புகாரைக் கொண்டுபோய்ப் பதில் கேட்பார்கள். பல கம்பெனிகள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால்தான் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், விசாரணையைக் காணொளியில் நடத்தக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. கடை, கம்பெனி இரண்டு பேரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஒருவரைக் காட்டி இன்னொருவர் நழுவ முடியாது.

எந்த ஊரில் கொடுப்பது? முன்பெல்லாம் கடை இருக்கிற ஊருக்கோ, கம்பெனி இருக்கிற ஊருக்கோ ஓட வேண்டும். புதிய சட்டத்தில் புகார் கொடுப்பவர் வசிக்கிற இடத்திலேயே கொடுக்கலாம். நீங்கள் கொடுத்தால் சிவகங்கை மாவட்ட ஆணையம். இன்னொரு வழியும் உண்டு. வாங்கியவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். பெற்றவர்கள் வாங்கிக் கொடுத்த சீருக்கு மகளும் புகார் கொடுக்கலாம். உங்கள் மகள் சென்னையிலேயே பதிய முடியும், கிரைண்டரும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதுதான் சுலபம் என்று எனக்குப் படுகிறது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்பது சட்டம் சொல்கிற கணக்கு. நடைமுறையில் கூடவும் செய்யும், பொறுமை வேண்டும். குறை நிரூபணமானால் பழுதை நீக்கவோ, புதியது தரவோ, பணத்தை வட்டியோடு திருப்பவோ, அதோடு நஷ்ட ஈடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம்.

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீட்டின் வளவை, அதாவது உள்முற்றப் பகுதியை, புதுப்பிக்கிறோம். தரையில் பதிக்க ஆத்தங்குடிக் கல் 600 எடுத்தோம். மாதிரிக்குக் காட்டிய கல்லின் சிவப்புக்கும் வந்த கல்லின் சிவப்புக்கும் வித்தியாசம் தெரிகிறது. 22 கல் விளிம்பு உடைந்து வந்திருக்கிறது. முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாமா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: முழுப் பணம் கேட்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற கல் அது. ஒரு நாள் கலவைக்கும் மறுநாள் கலவைக்கும் சாயல் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதைக் குறை என்று வாதாடுவது கஷ்டம். மாதிரிக் கல்லின் நிறத்திலேயே தருவதாக எழுதிக் கொடுத்திருந்து, வந்தது அடியோடு வேறு நிறம் என்றால் அப்போது பேச்சு வேறு. உடைந்த 22 கல்லுக்கு மாற்றோ பணமோ தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பதிப்பதற்கு முன்பே படம் எடுத்துச் சொல்லிவிடுங்கள். தரையில் பதித்த பிறகு கேட்டால், வேலையாள் உடைத்தது என்பார்கள்.

கேள்வி: வீட்டில் மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறேன். உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். ரூ.28,000 கொடுத்து வாங்கிய, சாய்த்து மாவு எடுக்கும் டில்டிங் கிரைண்டரைத் தொட்டால் இரண்டாவது மாதத்திலிருந்து ஷாக் அடிக்கிறது. கடைக்காரர், "வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் உங்களுக்குக் கிடையாது" என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: இல்லை தங்கச்சி. உங்களிடம் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குகிறவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது நிஜம். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரை அந்த விலக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே பிரிவு விளக்கம் சொல்கிறது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தெளிவாக்கிவிட்டது. கையால் மாவு தள்ளி உங்கள் வயிற்றைக் கழுவுகிற உங்களுக்காகத்தான் அந்த விளக்கமே எழுதப்பட்டிருக்கிறது.

உத்தரவாத அட்டையை மட்டும் ஒருமுறை நன்றாகப் படியுங்கள். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று அதில் போட்டிருந்தால் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். மாவு விற்பதற்குப் பெரிய கிரைண்டர் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினீர்கள் என்றால், அதைக் கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

இதெல்லாம் அப்புறம். இப்போது பிளக்கைப் பிடுங்குங்கள். புகாருக்குப் பதில் வரும்வரை அதில் ஒரு படி மாவுகூட ஆட்டாதீர்கள், அந்தப் பெண்ணையும் தொட விடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்து எழுதி வாங்குங்கள். கடைக்காரர் அடுத்துச் சொல்லப்போவது 'உங்கள் வீட்டு வயரிங்தான் கோளாறு' என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அந்தத் தாள்தான் பதில்.