முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமன்றப் பணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி பற்றி ஓர் உரை நிகழ்ந்தது. முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், முதல் பெண் துணைத்தலைவர் என்று ‘முதல்’களே அடுக்கப்பட்டன. எனக்கு ஓர் ஐயம். அவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அரசு நியமித்தது. அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தது நான்கு ஆண்டுகள்கூட இல்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1947இல். மருத்துவராகவும் புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவராகவும் அவரைப் போற்றுவதில் எனக்குத் தடையில்லை. சட்டமன்ற உறுப்பினராக அவர் செய்தது என்ன?

எம்.எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எம்.எஸ்.,

‘முதல்’களை வைத்து ஒருவரை அளக்கக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அந்த முதலிலும் ஒரு திருத்தம் தேவை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சட்டமன்றத்தில் மருத்துவர் மேரி பூனன் லூக்கோஸ் முத்துலட்சுமிக்கு முன்பே நியமிக்கப்பட்டிருந்தார். ஆகவே ‘பிரிட்டிஷ் இந்தியாவில் முதல்’ என்று சொல்வதே சரி.

நியமனம் என்பதைக் குறையாக நான் எண்ணவில்லை. சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் கிடைத்தது. தேர்தலில் நிற்கும் உரிமை 1926இல்தான் வந்தது. அவ்வாண்டு போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். நியமனம் என்ற வழி இல்லாதிருந்தால் அந்த அவையில் ஒரு பெண்கூட அமர்ந்திருக்க முடியாது. முத்துலட்சுமியை உறுப்பினராக்கியது அரசு என்றாலும், 1927இல் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது அந்த அவையே.

அவருடைய பின்புலத்தையும் இங்கே கருத வேண்டும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அக்கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து, பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். தேவதாசி முறை அவருக்கு மேடைக்கான ஒரு பொருளாக இருக்கவில்லை. தாய்வழி உறவினர் நடுவே கண்ட வாழ்க்கை அது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1927 நவம்பரில், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, அதாவது தேவதாசியாக நேர்ந்து, விடுவதைத் தடுக்க அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். அவை அதை ஏற்றது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரைதான். அரசு அசையாவிட்டால் அது அவைக் குறிப்பேட்டோடு நின்றுவிடும். மேலும், விபசாரத்திற்காகச் சிறுமிகளை ஒப்படைப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளின்படி அப்போதே குற்றமாக இருந்தது. குற்றமாக இருந்தும் வழக்கம் ஏன் நிற்கவில்லை? ஒரு முக்கியக் காரணம் நிலம். கோயில் பணிக்கென்று விடப்பட்ட இனாம் நிலம், அதாவது மானிய நிலம், குடும்பத்தில் யாராவது ஒரு பெண் அப்பணியைத் தொடரும் வரைதான் அக்குடும்பத்தின் கையில் இருக்கும். பாட்டிக்குப் பின் பேத்திக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் சோறு போடும் காணி போய்விடும் என்ற நிலையில், தண்டனைச் சட்டத்தைக் கண்டு அஞ்சுவோர் குறைவாகவே இருப்பார்கள்.

முத்துலட்சுமி கைவைத்தது இந்த முடிச்சில்தான். இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொண்டுவந்து, 1929இல் நிறைவேறச் செய்தார். அந்த நிலங்களைப் பணி நிபந்தனையிலிருந்து விடுவித்து, அதற்கு ஈடாக ஒரு தீர்வையை, அதாவது நிலவரியை, மட்டும் விதிக்க அத்திருத்தம் வழி செய்தது. நிலம் பெண்ணிடமே இருக்கும், பணிக்கடமை நீங்கும். யாரையும் சிறைக்கு அனுப்பாத, முழக்கத்திற்கு உதவாத இந்தத் திருத்தத்தை விழா மேடைகளில் யாரும் குறிப்பிடுவதில்லை. எனக்கோ அவருடைய சட்டமன்ற வாழ்வின் மிகக் கூர்மையான செயலாக இதுவே தோன்றுகிறது. தேவதாசி முறையை ஆதரித்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு அவர் அவையில் கொடுத்ததாகச் சொல்லப்படும் பதிலடியைக் கேட்டுக் கைதட்டுவது எளிது, இனாம் நிலச் சட்டத்தைப் படிப்பதுதான் கடினம்.

இத்திருத்தத்திற்கு எல்லையும் உண்டு. மானிய நிலம் இல்லாத குடும்பங்களை அது தொடவில்லை. பொட்டுக்கட்டுதலை அது தடை செய்யவும் இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றை நான் காண்கிறேன். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள், தங்களை விபசாரிகளோடு சேர்த்து எண்ணுவது அநீதி என்று அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். இசையிலும் நடனத்திலும் தேர்ந்த, சொத்துரிமையும் பெற்றிருந்த பெண்கள் அவர்கள். முத்துலட்சுமி அவர்களுடைய வாதத்திற்கு உரிய இடம் கொடுக்கவில்லை. சிறுமிகளைக் காப்பதில் அவர் கொண்ட உறுதி, வளர்ந்த பெண்கள் தமக்காகப் பேசியபோது காதை அடைத்துக்கொண்டது. ஆயினும், அவர்களுடைய பிழைப்பைப் பறிக்காமல் காத்ததும் அவர் எழுதிய அதே நிலப்பிரிவுதான்.

இவற்றோடு பள்ளி மாணவியருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அவையில் வாதிட்டார். 1930இல் நிறைவேறிய விபசார விடுதி ஒழிப்புச் சட்டத்திற்காகவும் உழைத்தார். காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அதே ஆண்டு பதவியைத் துறந்தார். அதன்பின் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் நிறைவேற 17 ஆண்டுகள் ஆயின. உள்ளேயிருந்து அதை ஓயாமல் நகர்த்த ஓர் உறுப்பினர் இல்லாமற்போனது அந்தத் தாமதத்திற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர் விலகியது சரியா என்று கேட்டிருந்தீர்களானால் எனக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும்.