இரண்டு மணி நேரத்தில் தோலாகிவிடும் சவர்டோ மேலோடு

கேள்வி: சவர்டோ பிரெட்டை (இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் செய்வது) ஓவனிலிருந்து எடுக்கும்போது மேலோடு மொறுமொறுவென்று இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் தோல் மாதிரி இழுபடுகிறது. கனமான இரும்புப் பாத்திரத்தில் 240 டிகிரியில் மூடி வைத்து 20 நிமிடம், திறந்து 12 நிமிடம் வேகவைக்கிறேன். எடுத்ததும் துணியில் சுற்றி வைப்பேன். எங்கே தவறு?

பதில்: பாதித் தவறு அந்தத் துணியில். மீதி அந்த 12 நிமிடத்தில்.

வெந்த பிரெட்டின் மேலோடு காய்ந்திருந்தாலும், உள்ளே பஞ்சு போன்ற பகுதியில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆற ஆற அந்த ஈரம் வெளியே நகரும். அதற்கு மேலோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் எந்த மேலோடும் கொஞ்சம் இளகும். எவ்வளவு சீக்கிரம் இளகுகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

மூடி வைக்கும் முதல் 20 நிமிடத்தில் மாவிலிருந்து எழும் நீராவி மேற்பரப்பை இளக்கமாக வைத்து, பிரெட் நன்றாக எழும்ப வழிவிடுகிறது. அதோடு நீராவிக்கு வேலை முடிந்தது. மூடியைத் திறந்த பிறகு நடப்பது உலர்த்தல். அதற்கு 12 நிமிடம் போதாது. 20 முதல் 25 நிமிடம் கொடுங்கள். கருகிவிடுமோ என்று தோன்றினால் சூட்டை 220க்கு இறக்கிக்கொள்ளலாம், நேரத்தைக் குறைக்காதீர்கள். பொன்னிறம் வந்ததுமே எடுத்துவிடுகிற அவசரம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. நல்ல அடர் பழுப்பு வரட்டும். உள்சூடு 97 டிகிரி காட்டுகிறதே என்று தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். உள்பகுதி அந்தச் சூட்டை எட்டியபோதும் மேலோடு முழுக்க உலர்ந்திருக்காது.

அப்புறம் ஓவனை அணைத்துவிட்டு, பிரெட்டைப் பாத்திரத்திலிருந்து எடுத்து நேராக ஓவனுக்குள் இருக்கும் கம்பித் தட்டில் வையுங்கள். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். என் அனுபவத்தில் இந்தப் பத்து நிமிடம் செய்கிற வேலையை வேறு எந்த உத்தியும் செய்ததில்லை.

வெளியே எடுத்த பிறகும் கம்பி வலைமேல்தான் ஆற வேண்டும், அடியிலும் காற்றுப் போக. துணி வேண்டவே வேண்டாம். சுற்றினால் வெளியேறும் நீராவி திரும்ப மேலோட்டுக்கே போய்விடும். காதை அருகில் கொண்டுபோனால் சின்னச் சின்னதாகப் படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். மேலோடு சுருங்கி விரிசல் விடுகிறது, நல்ல அறிகுறி. இரண்டு மணி நேரம் ஆகாமல் கத்தியை வைக்காதீர்கள், உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும்.

இதையெல்லாம் செய்தும் இளகினால் மாவைப் பாருங்கள். மாவின் எடையில் 80 சதவீதத் தண்ணீர் சேர்ப்பவர் என்றால் 70க்கு இறக்கிப் பார்க்கலாம். பால், எண்ணெய், தேன் எது சேர்த்தாலும் மேலோடு மென்மையாகத்தான் வரும்.

முதல் நாள், வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து அப்படியே விடுங்கள், மறுநாள் காகிதப் பைக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் பை உள்பகுதியை மிருதுவாக வைக்கும், ஆனால் மேலோட்டின் மொறுமொறுப்பு போய்விடும். ஃபிரிட்ஜில் வைத்தால் பிரெட் இன்னும் வேகமாகப் பழசாகும். நாள்பட வைக்க வேண்டுமென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

காற்றில் ஈரம் அதிகமான நாளில் என்ன செய்தாலும் மாலைக்குள் இளகிவிடும். அப்போது மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, 200 டிகிரி ஓவனில் எட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மொறுமொறுப்பு திரும்பிவிடும், ஆனால் ரொம்ப நேரம் தாங்காது. அன்றைக்குச் சாப்பிடுகிற அளவை மட்டும் சூடாக்குங்கள்.